டான் மர்ஃபி: பத்து வயசு மகனுக்காக மரத்துண்டை ரேஸ் காராக்கிய அப்பா!

கோடை வந்துவிட்டால் திண்டுக்கல்லைச் சுற்றியுள்ள ஊர்களில் சாலையோரம் நுங்குக் கடைகள் முளைத்துவிடும். சாயங்காலம் பார்த்தால் நுங்கு எடுத்த காலிக் காய்கள் குவிந்து கிடக்கும். அதில் ரெண்டு காயை ஒரு குச்சியில் கோத்து, நடுவில் ஒரு கவட்டைக் கம்பை மாட்டித் தள்ளினால் நுங்கு வண்டி ரெடி. காசும் வேண்டாம், பேட்டரியும் வேண்டாம். தெருவில் நாலு வண்டி சேர்ந்துட்டா அடுத்த கேள்வி ஒண்ணே ஒண்ணுதான். யார் வண்டி முதல்ல போகும்?

இந்த ஒரே கேள்வியை வைத்து அமெரிக்காவில் ஒரு அப்பா 70 வருஷத்துக்கு முன்னாடி ஒரு விளையாட்டை உருவாக்கினார். கைக்குள் அடங்குற மரக் கார். இன்ஜின் கிடையாது, சாவி முடுக்கவும் வேண்டாம். சரிவான பலகைப் பாதையின் உச்சியில் வைத்து விட்டால், புவியீர்ப்பு விசையில் தானாகவே சீறிக்கொண்டு இறங்கும். பேர் 'பைன்வுட் டெர்பி'. கார்ட்டூன் ரசிகர்களுக்குச் சட்டுனு ஞாபகம் வரலாம். 'சவுத் பார்க்' தொடர் 2009-ல் இதே பேரில் ஒரு எபிசோடே பண்ணியிருக்கு. அந்த அப்பாவின் பெயர் டான் மர்ஃபி.

கலிஃபோர்னியாவில், லாஸ் ஏஞ்சலஸை ஒட்டி மேன்ஹாட்டன் பீச் என்று ஒரு கடற்கரை ஊர். மர்ஃபி அங்கே வசித்தார். வேலை, நார்த் அமெரிக்கன் ஏவியேஷன் கம்பெனியில். ரெண்டாம் உலகப் போரில் பேர் வாங்கிய 'மஸ்டாங்' போர் விமானமும், கொரியப் போரில் பறந்த 'சேபர்' ஜெட்டும் இந்தக் கம்பெனியின் தயாரிப்புகள்தான். அப்படி ஓர் இடத்தில் வேலை பார்த்தவருக்குச் சின்ன வயசிலிருந்தே மாடல் செய்வதில் பைத்தியம். விமானம், கார், படகு என்று கையில் கிடைத்ததையெல்லாம் செதுக்கி உருவாக்கியவர்.

அவருடைய மகன் பெயரும் டான்தான். ஆங்கிலத்தில் எழுதும்போது மட்டும் மகனுக்கு ஓர் எழுத்து கூடுதல். 1953-ல் பையனுக்கு வயசு 10. ஊரே அப்போது 'சோப் பாக்ஸ் டெர்பி' ஜுரத்தில் இருந்தது. பசங்களே பலகையை அடித்து, சக்கரம் மாட்டி, உள்ளே உட்கார்ந்து சரிவில் ஓட்டும் இன்ஜின் இல்லாத கார் ரேஸ் அது. 1933-ல் ஒஹையோ மாநிலத்தின் டேட்டன் நகரில் சில பையன்கள் இப்படித் தெருவில் ஓட்டுவதை மைரன் ஸ்காட் என்ற பத்திரிகைப் புகைப்படக்காரர் பார்த்தார். அதைப் போட்டியாகவே வளர்த்துவிட்டார். பிறகு அவர் செவ்ரோலே கம்பெனிக்குப் போய், அவர்களுடைய புது ஸ்போர்ட்ஸ் காருக்கு 'கார்வெட்' என்று பெயர் சொன்னது தனிக்கதை. அந்தக் கார் வெளிவந்ததும் இதே 1953-தான்.

டானுக்கும் அந்த ரேஸில் ஓட ஆசை. ஆனால் வயசு பத்தாது. சின்னப் பசங்களைச் சேர்க்க மாட்டார்கள்.

இந்த இடத்தில் பெரும்பாலான அப்பாக்கள் என்ன செய்வார்கள்? அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்டா என்று தட்டிக்கொடுத்துவிட்டு அவரவர் வேலையைப் பார்ப்பார்கள். மர்ஃபிக்கு அது போதவில்லை. உள்ளே உட்கார்ந்து ஓட்டும் காருக்குத்தான் வயசு வேண்டும். காரையே சின்னதாக்கிவிட்டால்?

அவர் வெறும் அப்பா மட்டுமில்லை. அந்த ஊரின் 280சி என்ற குருளையர் படைக்குத் தலைவரும்கூட. சாரணர் இயக்கத்தில் சின்னப் பிள்ளைகளுக்கான பிரிவுதான் குருளையர். நம்ம ஊர் பள்ளிகளிலும் இந்தப் பிரிவு உண்டு. அதனால் யோசனை ஒரு வீட்டோடு நிற்கவில்லை. அப்பாவும் பிள்ளையும் சேர்ந்து உட்கார்ந்து செய்யணும், கைவேலை பழகணும், தோற்றாலும் சிரிச்சுக்கிட்டு கை குலுக்கப் பழகணும். இதுதான் அவர் மனசில் இருந்த திட்டம். படைக்கு ஆதரவளித்துவந்த அவருடைய கம்பெனியின் நிர்வாகிகள் சங்கத்திடம் போய்க் கேட்டார். அவர்களும் சரி என்றார்கள்.

கார் டிசைனுக்கு அவர் எடுத்த மாதிரி, அந்தக் காலத்து கிராண்ட் ப்ரீ ரேஸ் கார்கள். ஒவ்வொரு பையனுக்கும் ஒரு காகிதப் பை. உள்ளே ஒரு பைன் மரக்கட்டை, சக்கரங்கள், அச்சாக ஆணிகள். பைன் மரத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் எளிது. மிருதுவான மரம், சின்னக் கையாலும் செதுக்கலாம். பெரிய பட்டறை எதுவும் தேவையில்லை.

1953 மே 15, வெள்ளிக்கிழமை. மேன்ஹாட்டன் பீச் சாரணர் இல்லத்தில் முதல் ரேஸ். சாய்வான பாதையின் கடைசியில் எந்தக் கார் முந்தியது என்று கண்ணால் சொல்வது கஷ்டம். நுங்கு வண்டி ஓட்டினவங்களுக்குத் தெரியும், சண்டையே அங்கேதான் வரும். அதற்கும் மர்ஃபியிடம் வழி இருந்தது. வீட்டுக் காலிங் பெல் உதிரிபாகங்களை வைத்து பேட்டரியில் இயங்கும் எல்லைக்கோடு ஒன்றைப் பண்ணினார்கள். சிவப்பும் வெள்ளையுமாக விளக்கு எரிந்து வென்ற காரைக் காட்டிக்கொடுக்கும்.

அதுக்கப்புறம் வேகம் பிடித்துவிட்டது. கொஞ்ச காலத்திலேயே அமெரிக்கச் சாரணர் இயக்கம் இந்த விளையாட்டை நாடு முழுக்க எடுத்துக்கொண்டது. அவர்களுடைய 'பாய்ஸ் லைஃப்' பத்திரிகை 1954 அக்டோபரில் இதைப் பற்றி எழுதியது. வேறு சில சிறுவர் அமைப்புகளும் வேறு வேறு பெயர்களில் இதே ரேஸை நடத்துகின்றன.

சரி, ஒரே மாதிரி கட்டை, ஒரே மாதிரி சக்கரம். அப்புறம் ஏன் ஒரு கார் மட்டும் முந்துது? இதில்தான் சுவாரஸ்யமே.

விதிப்படி காரின் எடை 5 அவுன்ஸைத் தாண்டக் கூடாது. நம்ம கணக்கில் ஏறக்குறைய 142 கிராம். நீளம் 7 அங்குலம். வெறும் கட்டை இந்த எடைக்கு வராது. செதுக்கியதும் இன்னும் குறையும். ஆகவே ஈயக்குண்டோ இரும்போ பதித்து, எல்லைக்கு எவ்வளவு நெருக்கமாகக் கொண்டுவர முடியுமோ அவ்வளவு கொண்டுவருவார்கள். கனமான காரைக் காற்று அத்தனை எளிதில் தடுக்க முடியாது.

எடையை எங்கே வைக்கிறோம் என்பது அடுத்த சூட்சுமம். கார் சரிவில் நிற்கும்போது அதன் பின்பக்கம்தான் மேலே இருக்கும். எடை பின்னால் இருந்தால் அது கொஞ்சம் அதிக உயரத்திலிருந்து இறங்குகிறது. அதாவது அதிக ஆற்றலோடு புறப்படுகிறது. அதற்காக ரொம்பவும் பின்னால் தள்ளினால் முன்சக்கரம் தூக்கிக்கொண்டு கார் ஆட்டம் போடும். பின் அச்சுக்குக் கொஞ்சம் முன்னால் எடை மையம் வருகிற மாதிரி பார்த்துக்கொள்வதே வழக்கம்.

மூன்றாவது, அச்சாணி. ஆணியின் தலைக்கடியில் பிசிறு இருக்கும். அதை அரத்தால் தேய்த்து, நைஸான உப்புத்தாளில் மெருகேற்ற வேண்டும். பிறகு கிராஃபைட் தூள். திண்டுக்கல்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். பூட்டு இறுகினால் எண்ணெய் விடாமல் பென்சில் தூள் போடும் அதே வித்தைதான். எண்ணெய் தூசியைப் பிடித்துக்கொள்ளும், கிராஃபைட் வழுக்கிக்கொண்டு போகும். கடைசியாக, கார் நேராகப் போகுதான்னு தரையில் உருட்டிப் பார்க்கணும். ஒரு பக்கம் இழுக்கிற கார் பாதையின் ஓரத்தில் உரசி உரசியே தோற்கும்.

இவ்வளவு நுணுக்கம் இருப்பதால்தான் ஒரு வில்லங்கமும் வந்தது. அப்பாக்களே காரைச் செய்ய ஆரம்பித்துவிட்டார்கள்! பையன் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்ப்பான். கார் ஜெயிக்கும், கோப்பை பையனுக்கு, பெருமை அப்பாவுக்கு. 'டவுன் அண்ட் டெர்பி' என்று 2005-ல் வந்த படமே இந்த அப்பாக்களின் போட்டியைக் கிண்டலடித்துத்தான். பல ஊர்களில் பெரியவர்கள் ஆசை தீர ஓட்டிக்கொள்ள அவர்களுக்கென்று தனிப் பந்தயமே வைத்துவிட்டார்கள். புத்திசாலித்தனமான ஏற்பாடு என்றுதான் சொல்வேன். நம்ம ஊர் அறிவியல் கண்காட்சிக்கு யார் மாடல் செய்கிறார்கள் என்று எல்லோருக்கும் தெரியும், இல்லையா?

மர்ஃபியின் யோசனையில் ஒரு குறையும் உண்டு. அப்பா, மகன். அம்மாவும் மகளும் அந்தப் படத்திலேயே இல்லை. அவரை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை, குருளையர் படையே ஆண் பிள்ளைகளுக்கானதாகத்தான் இருந்தது. அமெரிக்காவில் பெண் குழந்தைகளைக் குருளையராகச் சேர்த்துக்கொண்டது 2018-ல்தான். முதல் ரேஸுக்கு 65 வருஷம் கழித்து! வயசு பத்தாது என்று ஒதுக்கப்பட்ட ஒரு பையனுக்காகப் பிறந்த விளையாட்டு, பாதிப் பிள்ளைகளை இத்தனை காலம் வெளியே நிற்கவைத்திருக்கிறது.

மர்ஃபி பின்னாளில் உட்கார்ந்து இந்தக் கதையை எழுதினார். 1997-ல் 'பைன்வுட்!' என்று ஆச்சரியக்குறியோடு அந்தப் புத்தகம் வந்தது. 2006-ல் ரீடர்ஸ் டைஜஸ்ட், அமெரிக்காவின் சிறந்த விஷயங்கள் பட்டியலில் இந்த மரக் கார் ரேஸையும் சேர்த்தது. 2008 ஜூலையில் அவர் காலமானார்.

இந்த லீவுக்கு வீட்டில் பண்ணிப் பார்க்க நினைக்கிறீங்களா? பைன் கட்டைக்கு அலைய வேண்டாம். ஆசாரி பட்டறையில் கழித்துப்போட்ட மிருதுவான மரத்துண்டு போதும். பழைய பொம்மை காரின் சக்கரங்களைக் கழற்றிக்கொள்ளுங்கள். சமையலறை டிஜிட்டல் தராசில் 142 கிராமுக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மூணு அங்குல நாற்காலியோ ஏழு அங்குல காரோ, ரம்பம் பிடித்து அறுப்பது மட்டும் பெரியவர் வேலை. உப்புத்தாள், பெயின்ட், பென்சில் தூள் எல்லாம் பிள்ளையின் டிபார்ட்மென்ட். கட்டில் விளிம்பில் ஒரு நீளப் பலகையைச் சாய்த்துவையுங்கள். கார்களைக் கையால் விட்டால் யார் முதலில் தள்ளினது என்று சண்டை வரும், அதனால் குறுக்கே ஒரு ஸ்கேலைப் பிடித்துக்கொண்டு, சட்டென்று மேலே தூக்குங்கள்.