எந்தப் பெயரைச் சூட்டுவது?

வீரன் என்றதும் நம் நினைவுக்கு வருவது வாள், வாளில்லையேல் துப்பாக்கி. எத்தனை பேரை வீழ்த்தினான் என்று கேட்கிறோம். எத்தனை பேரைப் பிழைக்க வைத்தான் என்று கேட்பதில்லை. அப்படிக் கேட்டால், முன்வரிசையில் வந்து நிற்பார் ஒரு தமிழர்; லெப்டினன்ட் கர்னல் ஏ.ஜி. ரங்கராஜ்!

1917இல் பிறந்தவர். பெயரின் முன்னெழுத்திலேயே ஆர்க்காட்டைச் சுமந்தவர். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து, 1941இல் இராணுவ மருத்துவப் பணியில் சேர்ந்தார். பட்டணத்தில் பலகை மாட்டி, பணக்கார நோயாளிகளின் நாடி பிடித்துப் பொருள் குவித்திருக்கலாம். அவரோ இரண்டாம் உலகப்போர்க் காலத்திலேயே பாராசூட் கட்டிக்கொண்டு விமானத்திலிருந்து குதித்தார். அப்படிக் குதித்த முதல் இந்தியர்களுள் அவர் ஒருவர்.

1950இல் கொரியாவில் போர் மூண்டது. பல நாடுகள் அங்கே படை அனுப்பின. இந்தியா அனுப்பியது மருத்துவப் படை. 60ஆவது பாராசூட் மருத்துவப் பிரிவு. அதன் தலைவர் ரங்கராஜ். எலும்பை உறைய வைக்கும் குளிர். வெயிலில் வளர்ந்த நம்மவர்கள் அந்தப் பனியில் கூடாரம் அடித்துக் காயம்பட்டோரைக் காத்தார்கள்.

அந்த ஆண்டு டிசம்பரில் சீனப்படை பாய்ந்து வந்தது. பியாங்யாங் நகரை விட்டு ஐ.நா. படைகள் பின்வாங்கின. மருத்துவப் பிரிவுக்கோ வண்டிகள் இல்லை. கருவிகளையும் மருந்துகளையும் போட்டுவிட்டு, உயிர் பிழைத்தால் போதுமென்று ஓடியிருக்கலாம். ஓடவில்லை! கேட்பாரற்றுக் கிடந்த ஓர் இரயில் எஞ்சினைத் தேடிப் பிடித்தார்கள். வரிசையாக நின்று வாளி வாளியாகத் தண்ணீர் கைமாற்றிக் கொதிகலனை நிரப்பினார்கள். எஞ்சின் வேலை தெரிந்தவர்கள் அந்தப் பிரிவிலேயே இருந்தார்கள்; அவர்கள் ஓட்ட, மருந்துகளோடு அந்த வண்டி பாலம் தகர்க்கப்படும் முன்பே ஆற்றைக் கடந்து சியோல் போய்ச் சேர்ந்தது. மருத்துவர் படித்த படிப்பும், தொழிலாளி கற்ற தொழிலும் கைகோத்தால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா, தோழர்களே?

1951 மார்ச் 23. மூன்சானி என்ற இடத்தில் நாலாயிரம் பேருக்கு நெருங்கிய அமெரிக்கப் பாராசூட் படை குதித்தது. கூடவே நம்மவர் பன்னிருவர் குதித்தனர்; முன்னின்றவர் ரங்கராஜ். மற்றவர்கள் போரிடக் குதித்தார்கள். இவர்கள் மருத்துவம் செய்யக் குதித்தார்கள். போர்முனையிலேயே அறுவை செய்து உயிர்களை மீட்டார்கள். இந்திய அரசு அவருக்கு மகாவீர் சக்ரா அளித்தது. போர்க்கள வீரத்திற்கான இரண்டாவது உயர்ந்த விருது அது.

விருதோடு அவர் ஓய்ந்தாரா? இல்லை. பின்னாளில் உலகச் சுகாதார நிறுவனத்தின் சார்பில் ஆப்கானிஸ்தான் சென்று, பெரியம்மையை ஒழிக்கும் பணியில் முன்னின்றார். மலையும் பாலையும் கடந்து தடுப்பூசி சென்றது. 1970களின் தொடக்கத்தில் அந்நாட்டில் அம்மையின் சங்கிலி அறுந்தது. 1980இல் உலகிலேயே பெரியம்மை ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. 2009இல் ரங்கராஜ் மறைந்தார். 2020இல் தென்கொரிய அரசு அவரைத் தன் போர்க்கால வீரர்களுள் ஒருவராக அறிவித்துப் போற்றியது. கடல் கடந்த நாடு நினைக்கிறது. சொந்த நாடு மறக்கலாமா?

செவ்வாப்பேட்டையில் இரயிலேறும் தொழிலாளத் தோழர்களுக்கு நாம் சொல்லவேண்டியதில்லை. நம் பாதையில்தான் ஆவடி இருக்கிறது. அங்கே டாங்கி செய்யும் தொழிற்சாலை உண்டு; விமானப்படை நிலையம் உண்டு. அன்று எல்லையில் காவல் நின்றவர், இன்று ஆலை வாயிலில் காவல் நிற்பதை நாள்தோறும் பார்க்கிறோம். முழங்கால் வலிக்கும் இரத்தக் கொதிப்புக்கும் அவர் நாடிச் செல்வது முன்னாள் படைவீரர் மருந்தகத்தை. 2003இல் தொடங்கிய பங்களிப்பு மருத்துவத் திட்டத்தின் மருந்தகங்கள் பெரும்பாலும் ஊர்ப் பெயராலேயே வழங்குகின்றன. அமெரிக்காவில் படைவீரர் மருந்தகத்திற்கு அந்த வட்டாரத்து வீரர் பெயரைச் சூட்ட நாடாளுமன்றமே சட்டம் இயற்றுகிறது. நம் வட்டாரத்து மருந்தகம் ஒன்றுக்கு ரங்கராஜ் பெயரைச் சூட்டுக என்கிறோம் நாம். சென்னையில் மருத்துவம் கற்ற படைவீரர் பெயர், சென்னையை அடுத்த படைவீரர் மருந்தகத்திற்குப் பொருந்தாமல் வேறு எதற்குப் பொருந்தும்?

பலகை மாட்டினால் போதுமா என்று சிலர் கேட்கலாம். போதாது! பெயர் என்பது மாலை அன்று, கடமை. எதிரி நெருங்கும் வேளையிலும் மருந்துப் பெட்டியைக் கைவிடாதவர் பெயரைத் தாங்கிய இடத்தில், மருந்து இல்லை, நாளை வா என்று ஒரு முதியவரைத் திருப்பி அனுப்ப முடியுமா? அனுப்பினால் அந்தப் பலகையே கேள்வி கேட்கும். வரிசையில் நிற்கும் கிழச் சிப்பாயும் அதைச் சுட்டிக்காட்டிக் கேட்பார்.

அப்படிக் கேட்கும் உரிமையை அவருக்குத் தருவதற்காகவே அந்தப் பெயர் வேண்டும்.