பறவைகளின் வழியறிந்த டாக்டர் ஸாலிம் அலீ

 

மழைக்காலம் பிறந்ததும் நம் பகுதியின் குளங்களிலும் உப்பளங்களிலும் பெயரறியாப் பறவைகள் பல வந்திறங்குகின்றன. கூந்தன்குளத்திற்கு இமயத்தைக் கடந்து வரித்தலை வாத்துகள் வருகின்றன. இரவுதோறும் ஸூரத்துல் முல்க் ஓதுகின்ற நாம், அதிலே பறவைகளைப் பார்க்கும்படி ஏவப்பட்டிருப்பதை எத்தனை பேர் சிந்தித்தோம்? ஆயுள் முழுவதும் அவற்றைப் பார்த்தவர் ஸாலிம் அலீ.

1896 நவம்பர் 12 அன்று மும்பையில் ஸுலைமானி போரா குடும்பமொன்றில் பிறந்தார். சிறு குழந்தையாக இருக்கும்போதே தாய் தந்தை இருவரையும் இழந்து எத்தீமானார். தாய்மாமன் அமீருத்தீன் தையப்ஜி எடுத்து வளர்த்தார்.

விளையாட்டுத் துப்பாக்கியால் குருவி சுடுவது அச்சிறுவனின் பொழுதுபோக்கு. ஒருநாள் வீழ்ந்த குருவியின் தொண்டையில் மஞ்சள் நிறம் தென்பட்டது. இது வழக்கமான குருவியன்று. உண்ணக் கூடுமா, கூடாதா? ஐயம் தீர மாமனிடம் கொண்டுசென்றார். அவரோ மும்பை இயற்கை வரலாற்றுச் சங்கத்தின் செயலாளர் மில்லார்டிடம் அனுப்பினார். அங்கே அடுக்கடுக்காக வைக்கப்பட்டிருந்த பாடம் செய்த பறவைகளைக் கண்டதும் சிறுவனின் உள்ளம் அங்கேயே தங்கிவிட்டது. ஒரு ஹலால் ஹராம் கேள்வி அவரை எங்கே கொண்டு சேர்த்தது, பாருங்கள்!

பர்மாவில் குடும்பத் தொழில் பார்த்தார், நிலைக்கவில்லை. ஜெர்மனியில் பயிற்சி பெற்று 1930 இல் திரும்பியபோது வேலையும் இல்லை. மனைவி தஹ்மினாவுடன் கிஹிம் என்னும் கடற்கரைக் கிராமத்தில் குடியேறி, வருமானமற்ற அந்நாட்களில் தூக்கணாங்குருவிக் கூடுகளை மாதக்கணக்கில் கவனித்தார். கூட்டை முடைவது ஆண் என்றும், பெண் வந்து பார்வையிட்டு ஏற்றபின் ஆண் அடுத்த கூட்டைத் தொடங்குகிறது என்றும் கண்டறிந்தார். 1939 இல் மனைவி மறைந்தார், மறுமணம் செய்யவில்லை. 1941 இல் அவரது இந்தியப் பறவைகள் நூல் வெளிவந்தது.

1959 முதல் பறவைகளின் காலில் எண்ணிட்ட வளையமிட்டு விடும் பணியை அச்சங்கம் பெரிய அளவில் மேற்கொண்டது. வளையமிட்ட பறவை வேறோரிடத்தில் அகப்பட்டால் அதன் பயணவழி புலப்படும். 1962 இல் கோடியக்கரையின் சிறப்பை உணர்த்தியவரும் இவரே. அங்கே சதுப்பில் பூநாரைகள் நிற்கும். அருகிலுள்ள உலர்ந்த பசுமைக்காட்டில் ஆறுமணிக்குருவி போன்றவை தங்கும். காடும் வேண்டும், சதுப்பும் வேண்டும். ஒன்றை அழித்தால் அதை நம்பி வரும் பறவைக்கு இறங்க இடமில்லை. 1967 இல் அது சரணாலயமாயிற்று.

மார்க்கப் பேணுதலில் அவர் முன்மாதிரி என்று நான் கூறவில்லை. அதன் கணக்கு அல்லாஹ்விடம். அவர் வேட்டையாடியவரும்கூட. ஆயினும் 1976 இல் கிடைத்த 50,000 டாலர் பரிசைப் பறவைகளைக் காக்கும் பணிக்கே கொடுத்தார். உள்ளான் கறி கூடுமா என்று என்னிடம் கேட்போர் உண்டு. பறவை ஹலால்தான், ஆனால் 1972 ஆம் ஆண்டுச் சட்டப்படி அதை வேட்டையாடுவது குற்றம். நாட்டின் சட்டத்தை மீறிப் பிடித்ததை விலைக்கு வாங்குவது நமக்குத் தகாது.

1987 ஜூன் 20 அன்று தொண்ணூறாம் வயதில் அவர் மறைந்தார். கோவை ஆனைகட்டியில் அவர் பெயரால் ஆய்வு மையம் இயங்குகிறது. நாகூர் செல்லும் நம்மவர்கள், மார்கழி தை மாதங்களாயின், பிள்ளைகளைத் தெற்கே கோடியக்கரைக்கும் ஒருநாள் அழைத்துச் செல்லலாம்.