ராடார் இல்லாமலே புயலைப் படம் பிடித்தவர்

2023 டிசம்பர் 17. திருநெல்வேலிக்காரங்க யாருக்கும் மறக்காத தேதி. காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 செ.மீ. மழை. தாமிரபரணி கரையைத் தாண்டி தெருவுக்குள்ள வந்துச்சு. அன்னைக்கு கரண்ட் போற வரைக்கும் நாங்க போன்ல ராடார் படத்தைத்தான் பார்த்துட்டு இருந்தோம்.

ராடார் மைக்ரோவேவ் அலையை அனுப்பும். மழைத்துளியில பட்டுத் திரும்புற எதிரொலியை வச்சு படம் வரையும். டாப்ளர் ராடார்னா, துளிகள் நம்மை நோக்கி வருதா, விலகிப் போகுதான்னும் சொல்லும். புயலோட சுழற்சி அதுலதான் தெரியும்.

இது எதுவுமே இல்லாத காலத்துல, அதே சுழற்சியை ஒருத்தர் காகிதத்துல வரைஞ்சார். அவர்தான் ஹென்றி பிடிங்டன்.

1797-ல் இங்கிலாந்தில் பிறந்தவர். வணிகக் கப்பல் கேப்டனாக இருந்து, பிறகு கல்கத்தாவில் குடியேறினார். 1838-ல் வில்லியம் ரீட் என்ற ராணுவப் பொறியாளர் புயல்களின் விதி பற்றி எழுதிய புத்தகம் அவரை இழுத்துக்கொண்டது. அடுத்த வருடமே வேலையை ஆரம்பித்துவிட்டார்.

அவர் செஞ்சது இதுதான். வங்காள விரிகுடாவில் புயலில் மாட்டித் தப்பி வந்த கப்பல்களின் லாக் புக்குகளைச் சேகரித்தார். எந்த நேரம், எந்த இடம், காற்று எந்தத் திசை, பாரோமீட்டர் எவ்வளவுன்னு எல்லாம் அதுல இருக்கும். எல்லாத்தையும் ஒரே வரைபடத்துல குறிச்சா, காற்று ஒரு மையத்தைச் சுத்துறது தெரிஞ்சது. நம்ம பாஷையில சொன்னா ஒவ்வொரு கப்பலும் ஒரு சென்சார்!

1848-ல் மாலுமிகளுக்காக ஒரு கையேடு எழுதினார். பாம்பு சுருண்டிருப்பதைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து 'சைக்ளோன்' என்ற பெயரை உருவாக்கியவர் அவர்தான். ஒளி ஊடுருவும் கொம்புத் தகட்டில் புயல் வட்டத்தை அச்சிட்டுப் புத்தகத்தோடு கொடுத்தார். அதைக் கடல் வரைபடத்து மேல வச்சா, புயலின் மையம் எந்தப் பக்கம், எப்படி விலகணும்னு கேப்டனுக்குத் தெரியும்.

ஆனா அவர் சொன்ன முக்கியமான விஷயத்தை அரசு கேட்கல. சுந்தரவனத்தில் மாத்லா ஆற்றங்கரையில் புதுத் துறைமுகம் கட்ட ஆங்கில அரசு திட்டமிட்டது. 1853-ல் கவர்னர் ஜெனரல் டல்ஹௌசிக்கு அவர் எழுதினார்: புயல் வந்தால் கடல் நீர் பொங்கி ஊரையே மூழ்கடிக்கும் என்று. துறைமுகம் கட்டப்பட்டது. 1867 நவம்பரில் புயலோடு கடல் உள்ளே வந்தது. சில வருடங்களில் துறைமுகமே கைவிடப்பட்டது. பிடிங்டன் அதைப் பார்க்கல. 1858-லேயே இறந்துட்டார்.

2023-ல எங்க கையில ராடாரே இருந்துச்சு. நாங்க ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஸ்டேட்டஸ் வச்சோம். குறுக்குத்துறை பக்கம் இருக்கிற நண்பன் வீட்டுக்கு ஒரு போன் போடத் தோணல. அடுத்த மழைக்கு முதல்ல போன், அப்புறம்தான் ஸ்டேட்டஸ்.