பாட்டில் நம்பர் 53-என்

மும்பை பரேலில் ஹாஃப்கின் இன்ஸ்டிடியூட் என்று ஒரு பழைய ஆராய்ச்சிக் கூடம் இருக்கு. எந்த மனிதரோட பெயர் அந்தப் பலகையில் இருக்கோ, அவரையே அந்த லேபின் தலைமைப் பதவியிலிருந்து இறக்கினாங்க. காரணம் ஒரே ஒரு பாட்டில். அந்தக் கதையைத்தான் சொல்லப்போறேன்.

வால்டெமார் ஹாஃப்கின் 1860-ல் ஒடெசாவில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். எவ்வளவு நல்லாப் படிச்சாலும், மதம் மாறினால்தான் அங்கே பேராசிரியர் வேலை. அவர் மாறலை. பாரிஸில் பாஸ்டர் இன்ஸ்டிடியூட்டுக்குப் போனார். முதலில் கிடைத்தது லைப்ரரி வேலை. ஆனாலும் ஆராய்ச்சியை விடலை. காலராவுக்கு ஒரு தடுப்பூசி தயாரித்து, 1892 ஜூலையில் முதலில் தனக்கே போட்டுக்கிட்டார்.

அடுத்த வருஷம் இந்தியா வந்தார். 1894-ல் கல்கத்தாவில் ஒரு குடிசைப் பகுதியில் காலரா பரவினப்போ, அங்கிருந்த சுமார் 200 பேரில் 116 பேருக்கு ஊசி போட்டார். அதுக்கப்புறம் அங்கே காலரா வந்தது ஊசி போடாதவங்களுக்கு மட்டும்தான்.

1896-ல் பம்பாயில் பிளேக். அரசு அவரை அங்கே அனுப்பியது. கிராண்ட் மெடிக்கல் காலேஜில் அவருக்குக் கிடைத்தது ஒரு அறை, ஒரு வராந்தா, ஒரு கிளார்க், மூணு பியூன். நம்ம ப்ராஜெக்ட் லேபே இதைவிடப் பெரிசு! அவர் செய்த வழி அழகானது. இறைச்சிச் சாறில் கிருமியை வளர்க்கணும். மேலே சில சொட்டு நெய் விட்டால், கிருமிகள் அந்தச் சொட்டுகளைப் பிடிச்சுக்கிட்டு ஆலம் விழுது மாதிரி கீழே தொங்கி வளரும். ஆட்டிவிட்டா விழுது உதிர்ந்து அடியில் படியும், மேலே புதுசா வளரும். கடைசியில் சூடாக்கிக் கொன்றுவிடுவார். செத்த கிருமிதான் தடுப்பூசி. உடம்பு அதைப் பார்த்தே எதிர்ப்பைத் தயார் பண்ணிக்கும். 1897 ஜனவரி 10, இதையும் முதலில் தனக்கே போட்டுக்கிட்டார். காய்ச்சல் வந்தது, பிழைத்தார். அப்புறம் லட்சக்கணக்கான பேருக்கு அந்த ஊசி போனது.

இப்போ 1902 அக்டோபர் 30-க்கு வாங்க. பஞ்சாபில் முல்கோவால் கிராமம். அன்னைக்கு 107 பேருக்கு ஐந்து பாட்டில்களிலிருந்து ஊசி போட்டாங்க. ஒரு வாரம் கழித்து 19 பேருக்கு டெட்டனஸ். 19 பேரும் இறந்துட்டாங்க. எல்லாருக்கும் மருந்து போனது 53-என் என்ற ஒரே பாட்டிலிலிருந்து. மற்ற 88 பேருக்கு ஒண்ணும் ஆகலை.

நீங்க எஞ்சினியரா யோசிச்சுப் பாருங்க. தப்பு தயாரிப்பிலா, பயன்படுத்திய இடத்திலா?

விசாரணைக் கமிஷன் தயாரிப்பில்தான்னு சொன்னது. ஹாஃப்கின் அப்போதுதான் கார்பாலிக் அமிலத்தை விட்டுட்டு, சூட்டை மட்டும் நம்பும் முறைக்கு மாறியிருந்தார். புதுசா மாத்தினவர் மேல பழி போடுறது எப்பவுமே சுலபம். பதவி போச்சு. அவர் இந்தியாவை விட்டே போனார்.

ஆனா விசாரணைச் சாட்சியத்திலேயே இரண்டு சின்ன விஷயங்கள் இருந்தன. ஒன்று, பாட்டிலைத் திறந்த உதவியாளரின் கையிலிருந்து இடுக்கி தரையில் விழுந்தது. அதைத் தீயில் காட்டாமல், கிருமிநாசினியில் ஒரு முக்கு முக்கி எடுத்து அதாலேயே பாட்டிலைத் திறந்திருக்கார். டெட்டனஸ் கிருமி வாழும் இடமே மண். இரண்டாவது, திறந்தப்போ பாட்டிலில் கெட்ட வாசனை வரலை. லேபிலேயே கிருமி புகுந்திருந்தா, அத்தனை நாளில் உள்ளே வளர்ந்து நாறியிருக்கணும்.

லண்டனில் லிஸ்டர் இன்ஸ்டிடியூட் இந்தச் சாட்சியங்களை மறுபடி அலசியது. மலேரியா ஆராய்ச்சியாளர் ரொனால்ட் ராஸ் அவருக்காகப் பத்திரிகையில் எழுதினார். 1907-ல் அவர் மேல் இருந்த பழி நீங்கியது. கல்கத்தாவில் வேலையும் கிடைத்தது. ஆனா தடுப்பூசி தயாரிக்க அங்கே வசதி இல்லை. வாழ்க்கையின் நல்ல வருஷங்கள் போனது போனதுதான். 1925-ல் பம்பாய் லேபுக்கு அவர் பெயர் வைத்தாங்க. 1930-ல் லோசானில் இறந்தார்.

அந்த 19 பேருக்குப் பெயர்ப் பலகை எதுவும் இல்லை. இடுக்கியைத் தீயில் காட்ட ஆகிற நேரம் சில நொடிகள்தான். அதே சமயம், இடுக்கி விழுந்ததையும் வாசனை வராததையும் மறைக்காமல் சொன்னாங்க பாருங்க, அதுதான் கடைசியில் உண்மையைக் காப்பாத்தியது. லேப் ரெக்கார்டில் ரீடிங்கை மாத்தி எழுதக் கை போறப்போ, எனக்கு இப்பல்லாம் 53-என்தான் ஞாபகம் வருது.