மைக்கேல் பாரடே: கேட்கத் தயங்காத மனிதர்

குழந்தைகளே, உங்களுக்கு 'ழ' சரியாகச் சொல்ல வருமா? எனக்கு ரொம்ப நாள் வரவில்லை. நானும் உங்களைப் போல வெளிநாட்டில் படித்தவள்தான். வாழைப்பழம் என்று சொல்லப் பார்த்தால் வாளைப்பளம் என்றுதான் வரும். யாராவது சிரித்துவிட்டால் அப்புறம் பேசவே பிடிக்காது. உங்களுக்கும் அப்படி இருக்கிறதா? அப்படியென்றால் இந்தக் கதை உங்களுக்குத்தான்.

மைக்கேல் பாரடே 1791-ஆம் ஆண்டு செப்டம்பர் 22 அன்று தெற்கு லண்டனில் பிறந்தார். சட்டனிலிருந்து ரயிலில் போகும்போது எலிஃபண்ட் அண்ட் காசில் ஸ்டேஷன் வருமே, அதற்குப் பக்கத்தில்தான் அவர் பிறந்த இடம். அப்பா இரும்புக் கொல்லர். அவருக்கு அடிக்கடி உடம்பு முடியாமல் போகும். வேலை இல்லாவிட்டால் காசு இல்லை. ஒரு சமயம் மைக்கேலுக்கு ஒரு வாரம் முழுவதும் சாப்பிட ஒரே ஒரு பிரெட்தான் கிடைத்தது.

மைக்கேலுக்கு 'ர' என்ற ஒலி வாயில் வராது. அண்ணன் ராபர்ட்டின் பெயரையே சரியாகச் சொல்ல மாட்டார். இதனால் பள்ளியில் டீச்சருக்குக் கோபம் வந்ததாம். தம்பியை அடிக்க ஒரு பிரம்பு வாங்கி வா என்று அண்ணனையே கடைக்கு அனுப்பினாராம். அண்ணன் பிரம்பு வாங்கவில்லை. நேராக வீட்டுக்கு ஓடி அம்மாவிடம் சொல்லிவிட்டான். அம்மா இரண்டு பிள்ளைகளையும் அந்தப் பள்ளியிலிருந்து நிறுத்திவிட்டார் என்று சொல்வார்கள்.

பதின்மூன்று வயதில் மைக்கேல் ஒரு புத்தகக் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். பிறகு ஏழு வருடம் அங்கேயே பைண்டிங் வேலை கற்றுக்கொண்டார். பைண்டிங்குக்கு வரும் புத்தகங்களை அவர் சும்மா விடவில்லை. ஒவ்வொன்றாகப் படித்தார். மின்சாரத்தைப் பற்றிப் படித்தது அவருக்கு ரொம்பப் பிடித்தது.

1812-இல் அந்தக் கடைக்கு வருகிற ஒருவர் அவருக்கு டிக்கெட் கொடுத்தார். ஹம்ப்ரி டேவி என்ற பெரிய விஞ்ஞானி ராயல் இன்ஸ்டிடியூஷனில் பேசுவதைக் கேட்க அந்த டிக்கெட். மைக்கேல் போனார். கேட்டதை எல்லாம் எழுதினார், படமும் வரைந்தார். சுமார் 300 பக்கம்! அதைத் தன் கையாலேயே பைண்டிங் செய்து டேவிக்கு அனுப்பி, வேலை கேட்டார். அப்போது இடம் காலி இல்லை. ஆனால் 1813 மார்ச்சில் வேலை கிடைத்தது. ஆய்வுக்கூடத்தில் உதவியாளர் வேலை. அப்போது அவருக்கு வயது 21.

அவர் நிறையக் கண்டுபிடித்தார். அதில் ஒன்றை மட்டும் இன்று பார்ப்போம். உங்கள் வீட்டில் வெள்ளி விளக்கு இருக்கிறதா? சில விளக்குகள் முழு வெள்ளி இல்லை, மேலே மட்டும் வெள்ளி முலாம். அதை எப்படிப் பூசுகிறார்கள்? வெள்ளி உப்பு கரைந்த தண்ணீரில் விளக்கைத் தொங்கவிட்டு மின்சாரம் அனுப்புவார்கள். தண்ணீரில் இருக்கும் வெள்ளி மெதுவாக விளக்கின் மேல் வந்து ஒட்டிக்கொள்ளும். சரி, எவ்வளவு வெள்ளி ஒட்டும்?

இதற்கான விதியை 1833, 1834-ஆம் ஆண்டுகளில் பாரடே கண்டுபிடித்தார். பிளாட்டினம் தகடுகளை அமிலம் கலந்த தண்ணீரில் வைத்து மின்சாரம் அனுப்பினார். பெரிய தகடு, சின்னத் தகடு என்று மாற்றி மாற்றிப் பார்த்தார். தகடு எப்படி இருந்தாலும், ஒரே அளவு மின்சாரம் போனால் ஒரே அளவு வாயுதான் வந்தது. வெள்ளிக்கும் இதே விதிதான். ஒரு ஆம்பியர் மின்சாரம் ஒரு மணி நேரம் போனால் சுமார் 4 கிராம் வெள்ளி ஒட்டும். தகடு சொரசொரப்பாக இருந்தால், கீறல் உள்ள இடங்களில் வெள்ளி முதலில் ஒட்டத் தொடங்கும். ஆனால் மொத்த எடை மாறாது.

இப்போது ஒரு சிக்கல் வந்தது. தான் பார்த்ததைச் சொல்ல பாரடேக்குச் சரியான வார்த்தைகள் இல்லை. புதிய சொற்களைக் கிரேக்க மொழியிலிருந்து உருவாக்கலாம். ஆனால் அவருக்குக் கிரேக்கம் தெரியாது. அப்போது அவர் ஊரெல்லாம் தெரிந்த விஞ்ஞானி. ஆனாலும் அவர் வெட்கப்படவில்லை. கேம்பிரிட்ஜில் இருந்த வில்லியம் ஹியூவெல் என்ற அறிஞருக்குக் கடிதம் எழுதிக் கேட்டார். அப்படித்தான் ஆனோடு, கேத்தோடு, அயான் என்ற சொற்கள் பிறந்தன. தமிழில் அவற்றை நேர்மின்வாய், எதிர்மின்வாய், அயனி என்று சொல்கிறோம். இன்று உலகம் முழுவதும் பள்ளிகளில் இந்தச் சொற்களைப் படிக்கிறார்கள்.

பேச்சையும் அவர் விடவில்லை. பேச்சுப் பயிற்சிக்குப் போனார். மேடையில் பேசும்போது வேகமாகப் போனால் நினைவுபடுத்த, உதவியாளர் ஒரு அட்டையைக் காட்டுவார். ராயல் இன்ஸ்டிடியூஷனில் 1825-இல் தொடங்கிய கிறிஸ்துமஸ் உரைகளை அவரே 19 தடவை நடத்தினார். அந்த உரைகள் உங்களைப் போன்ற பிள்ளைகளுக்காகத்தான். இன்றும் கிறிஸ்துமஸ் சமயத்தில் அவற்றை டிவியில் பார்க்கலாம்.

கடைசி வருடங்களில், விக்டோரியா மகாராணி கொடுத்த வீட்டில், ஹாம்ப்டன் கோர்ட்டில் வாழ்ந்தார். 1867 ஆகஸ்ட் 25 அன்று அங்கேயே காலமானார்.

அடுத்த தடவை எலிஃபண்ட் அண்ட் காசில் போனால், பளபளவென்று ஒரு பெரிய உலோகப் பெட்டி தெரியும். அதுதான் பாரடேயின் நினைவுச் சின்னம். உள்ளே பாதாள ரயிலுக்கு மின்சாரம் தரும் நிலையம் இருக்கிறது. அதைப் பார்க்கும்போது, 'ர' சொல்ல வராத அந்தப் பையனை நினைத்துக்கொள்ளுங்கள்.

இந்த வாரம் உங்களுக்கு ஒரு வேலை. தமிழில் உங்களுக்குத் தெரியாத மூன்று சொற்களை எழுதுங்கள். பாட்டியிடமோ தாத்தாவிடமோ போன் பண்ணி அர்த்தம் கேளுங்கள். சொல்லும்போது தப்பு வந்தால் பரவாயில்லை, திரும்பச் சொல்லுங்கள்.