போரும் பசியும் பாடிய புலவர் தூ ஃபூ

சீன இலக்கிய வரலாற்றில் தாங் மரபினர் ஆண்ட காலம் (618–907) கவிதையின் பொற்காலம் எனப் போற்றப்படுகின்றது. அக்காலத்துப் புலவர் ஈராயிரவருக்கும் மேற்பட்டோரின் பாடல்கள் இன்றும் கிடைக்கின்றன. அவர்களுள் தலையாயவர் யார் என வினவினால் சீன மக்கள் இருவர் பெயரை இணைத்தே கூறுவர். ஒருவர் லி பாய். மற்றவர் தூ ஃபூ. லி பாய் நிலவையும் மதுவையும் மலைமுகட்டையும் பாடித் திளைத்தவர். தூ ஃபூ தம் காலத்து மக்கள் பட்ட துயரைப் பாடியவர். இவர்தம் பாடல்களை ஆண்டு வாரியாக அடுக்கிப் படிப்போர்க்கு எட்டாம் நூற்றாண்டுச் சீனத்தின் வரலாறே கண்முன் விரியும். அதனால்தான் இவரை வரலாறு பாடிய கவிஞர் என்றும், கவிஞருள் சான்றோர் என்றும் பின்னோர் சிறப்பித்தனர்.

தூ ஃபூ 712-ஆம் ஆண்டு ஹெனான் பகுதியில் பிறந்தார். பாட்டனார் தூ ஷென்யான் அரசவைப் புகழ் பெற்ற புலவர். இளமையிலேயே தாயை இழந்த இவரை அத்தை வளர்த்தார். கல்வியும் கவிதையும் குலச்சொத்தாகக் கருதப்பட்ட அக்குடும்பத்தில், அரசுத் தேர்வில் வென்று பதவி ஏற்பதே ஆண்மகனின் கடன். ஆயின் இருபத்து நான்காம் அகவையை ஒட்டி எழுதிய தேர்வில் இவர் தோல்வியுற்றார். பின்னர்ச் சில ஆண்டுகள் நாடு சுற்றினார். 744-இல் லோயாங் நகரில் லி பாயைச் சந்தித்தார். தம்மினும் பதினொரு வயது மூத்த, அப்போதே பெரும்புகழ் எய்தியிருந்த அவர்மீது இவர் கொண்ட அன்பு வாழ்நாள் முழுதும் குன்றவில்லை. 745-இல் பிரிந்த இருவரும் மீண்டும் சந்திக்கவே இல்லை. லி பாயை நினைந்து தூ ஃபூ பாடியவை பத்துக்கும் மேல். மறுமொழியாக வந்தவையோ மிகச் சில.

747-இல் பேரரசர் சுவான்சோங் திறமையுடையோர்க்கெனத் தனித் தேர்வு ஒன்றை நடத்தினார். முதலமைச்சர் லி லின்ஃபு எவரையும் தேறவிடவில்லை. அறிஞர் அனைவரும் ஏற்கெனவே அரசுப் பணியில் உள்ளனர், வெளியே எஞ்சியோர் எவருமிலர் எனக் கூறி மன்னரை வாழ்த்தவும் செய்தார்! அத்தேர்வில் தோற்றவர்களுள் தூ ஃபூவும் ஒருவர். தலைநகர் சாங்கானில் செல்வர் வாயில்களில் காத்துநின்று ஏறத்தாழப் பத்தாண்டுகளைக் கழித்தபின், 755-இல் பட்டத்து இளவரசரின் காவற்படையில் படைக்கலக் கிடங்கைக் கவனிக்கும் சிறு பதவி ஒன்று கிடைத்தது.

அப்பதவி கிடைத்த கையோடு, குளிர்காலத்தில், ஃபெங்சியானில் விட்டுவந்த குடும்பத்தைக் காணப் புறப்பட்டார். வழியிலே லி மலை. அங்கே வெந்நீர் ஊற்று அரண்மனையில் மன்னரும் காதற்குரிய யாங் குய்ஃபெய்யும் விருந்தும் இசையுமாக மகிழ்ந்திருந்தனர். மலையைக் கடந்து இவர் வீட்டை அடைந்தபோது உள்ளிருந்து அழுகுரல் கேட்டது. பச்சிளம் மகன் பசியால் இறந்திருந்தான்.

இந்நிகழ்ச்சி பற்றி ஐந்நூறு எழுத்துகள் கொண்ட நெடும்பாடல் ஒன்றை அவர் யாத்தார். அதன் முடிவை நாம் ஊன்றி நோக்குதல் வேண்டும். மகனை இழந்த தந்தை தம் துயரத்தோடு நின்றுவிடவில்லை. தம் குடும்பத்திற்கு வரி இல்லை, கட்டாயப் படைச்சேவை இல்லை. அவ்வாறிருந்தும் இந்நிலை என்றால், நிலம் இழந்த உழவரும் எல்லையில் காவல் நிற்கும் வீரரும் என்ன பாடுபடுவர் என்று எண்ணுகின்றார். சொந்தத் துக்கம் வாயிலாகப் பிறர் துக்கத்தைக் காணும் இப்பார்வையே தூ ஃபூவைப் பெருங்கவிஞராக்கியது என்பது நம் கருத்து.

அதே குளிர்காலத்தில் வடக்கெல்லைப் படைத்தலைவன் ஆன் லூஷான் கலகக்கொடி உயர்த்தினான். 756-இல் சாங்கான் வீழ்ந்தது. மன்னர் தென்மேற்கே தப்பினார். குடும்பத்தை ஒரு சிற்றூரில் சேர்த்துவிட்டுப் புதிய மன்னர் சூசோங்கை நாடிச் சென்ற தூ ஃபூ வழியிலேயே கலகக்காரர் கையில் அகப்பட்டுத் தலைநகருக்குக் கொண்டுவரப்பட்டார். 757-இல் தப்பிக் கிழிந்த ஆடையுடன் மன்னர் முன் நின்றார். அரசரின் பிழையைச் சுட்டிக்காட்டும் அறிவுரையாளர் பதவி வழங்கப்பட்டது. பதவியின் பெயருக்கேற்ப நடந்ததே இவர் செய்த குற்றம்! போரில் தோற்றுப் பதவி இழந்த அமைச்சர் ஃபாங் குவானுக்காக வாதாடி மன்னரின் சினத்துக்கு ஆளாகித் தண்டனையிலிருந்து மயிரிழையில் தப்பினார். அடுத்த ஆண்டே வெளியூர்ப் பதவிக்கு அனுப்பப்பட்டார்.

757-இல் சாங்கானை மீட்ட படையில் உய்குர் குதிரைவீரரோடு அராபிய வீரரும் இருந்தனர் எனத் தாங் வரலாறு குறிக்கின்றது. அதற்கு ஆறாண்டுகள் முன்புதான் தலாஸ் ஆற்றங்கரையில் அப்பாசியப் படையும் சீனப் படையும் பொருதின என்பதை எண்ணுங்கால் இச்செய்தி வியப்பளிக்கின்றது.

759-ஆம் ஆண்டின் வசந்தத்தில் அரசுப்படை பெருந்தோல்வி கண்டது. இழந்த வீரருக்கு ஈடாக ஊர்தோறும் ஆள்பிடிக்கும் அலுவலர் புகுந்தனர். அவ்வேளை அவ்வழியே பயணம் செய்த தூ ஃபூ கண்டதைக் கொண்டு ஆறு பாடல்கள் இயற்றினார். அவற்றுள் ஒன்று ஷிஹாவ் என்னும் சிற்றூரின் ஓர் இரவைக் கூறுவது. அலுவலர் வருகையறிந்து கிழவர் சுவரேறித் தப்புகின்றார். மூன்று புதல்வரைப் போருக்கு அனுப்பி இருவரை இழந்த கிழவி, வீட்டில் எஞ்சிய பேரக் குழந்தையையும் மருமகளையும் காக்க வேண்டித் தாமே படைக்குச் சோறு சமைக்க வருவதாகக் கூறி உடன் செல்கின்றார். பொழுது விடிகையில் விடைபெறக் கிழவர் ஒருவரே இருக்கின்றார். கவிஞர் தம் கருத்தாக ஒரு சொல்லும் சேர்க்கவில்லை.

மற்றொரு பாடலில் அவர் நிலை வேறு. சின்ஆன் ஊரில் ஆடவர் தீர்ந்தமையால் இளஞ்சிறுவர்களை இழுத்துச் செல்கின்றனர். அழும் தாய்மார்க்குக் கவிஞர் ஆறுதல் கூறுகின்றார்: படைத்தலைவர் நல்லவர், பணியும் கடினமன்று என்று. அவருக்கே அதில் முழு நம்பிக்கை இருந்ததா? கலகம் அடங்கினாலன்றி நாட்டுக்கு வாழ்வில்லை என்பதும் அவர் அறிந்தது; அச்சிறுவர் பலர் திரும்பமாட்டார் என்பதும் அவர் அறிந்தது. இவ்விரண்டிற்கும் இடையே அகப்பட்ட அரசு அலுவலரின் நெஞ்சை இப்பாடல் மறைக்கவில்லை. அவ்வாண்டே அவர் பதவியைத் துறந்தார். 754-இல் ஏறத்தாழ 5 கோடியே 29 இலட்சமாக இருந்த மக்கட்பதிவு 764-இல் 1 கோடியே 69 இலட்சமாகச் சுருங்கியது. இவ்வேறுபாடு முழுவதும் இறப்பு அன்று. பதிவு செய்யும் ஆட்சியமைப்பே சிதைந்துபோயிற்று.

760-இல் செங்து நகர்ப்புறத்தில் நண்பர் உதவியால் ஒரு கூரைவீடு அமைத்தார். மரக்கன்றுகளையும் மூங்கிலையும் அறிந்தோரிடம் கேட்டுப் பெற்று நட்டார். மறு ஆண்டு இலையுதிர் காலப் புயல் கூரையைப் பிய்த்தெறிந்தது. நனைந்த படுக்கையில் உறக்கமின்றி இருந்த அவ்விரவில், ஏழை அறிஞர் அனைவரும் தங்கப் பெருமாளிகை ஒன்று எழுமாயின் தம் குடில் அழிந்தாலும் கவலையில்லை எனப் பாடினார். அவ்விடம் இன்று நினைவகமாக விளங்குகின்றது.

புரவலர் யான் வூ 765-இல் மறைந்தபின் யாங்சி ஆற்றின் வழியே கிழக்கு நோக்கிப் புறப்பட்டார். குய்சோவில் தங்கிய இரண்டாண்டுக்கும் குறைவான காலத்தில் நானூறுக்கும் மேற்பட்ட பாடல்கள் பிறந்தன. மூச்சிரைப்பு நோயும் செவிட்டுத்தன்மையும் வாட்டிய காலம் அது. எட்டடிகளில், அடிக்கு ஐந்து அல்லது ஏழு அசைகளோடு, ஒலியேற்ற இறக்கமும் நடுவிரு ஈரடிகளில் சொல்லுக்குச் சொல் இணையும் வேண்டுகின்ற கடுமையான யாப்பு அவர் கையில் அங்கேதான் முழுமை பெற்றது. இலையுதிர் காலம் பற்றிய எட்டுப் பாடல்கள் அதற்குச் சான்று.

768-இல் மீண்டும் படகேறினார். 770-இல் ஹூனான் பகுதியில் படகுப் பயணத்தினிடையே காலமானார். நெடுநாள் பட்டினிக்குப் பின் மிகுதியாக இறைச்சி உண்டு இறந்தார் என்னும் கதையைப் பிற்கால ஆய்வாளர் பலர் ஏற்பதில்லை. உடலைச் சொந்த மண்ணுக்குக் கொண்டுசெல்லவும் குடும்பத்திடம் பொருளில்லை. 43 ஆண்டுகள் கழிந்து, 813-இல் பேரன் எலும்புகளை எடுத்துச் சென்று ஹெனானில் அடக்கம் செய்தார்.

வாழ்ந்த காலத்தில் அவர்தம் புகழ் சிறிதே. 753-இல் தொகுக்கப்பட்ட புகழ்பெற்ற கவிதைத் தொகை நூலில் இருபத்து நால்வர் இடம்பெற, தூ ஃபூவின் பாடல் ஒன்றுகூட இல்லை. சோங் மரபினர் காலத்தில் 1039-இல் வாங் சூ என்பார் சிதறிக்கிடந்தவற்றைத் தேடி 1405 பாடல்களைத் தொகுத்தார். அதன் பின்னரே நாடு அவரை அறிந்தது. அச்சோங் அரசும் 1279-இல் மங்கோலியரிடம் வீழ்ந்தது. பகைவரிடம் பணிய மறுத்து, 1283-இல் கொல்லப்படும்வரை சிறையிலிருந்த அமைச்சர் வென் தியான்சியாங், தூ ஃபூவின் அடிகளையே எடுத்து இணைத்து இருநூறு பாடல்களை அச்சிறையில் ஆக்கினார்.