ஒளியும் நிழலும்

கறுப்பு வெள்ளை நிழற்படத்தில் கருமையும் வெண்மையும் மட்டும் இருந்தால் போதாது. இவ்விரண்டுக்கும் இடையே உள்ள சாம்பல் நிறத்தின் பல படிநிலைகளே கன்னத்தின் வளைவையும் கண்ணின் ஆழத்தையும் காட்டுகின்றன. இதனை நன்கு உணர்ந்து படம் எடுத்தவர் ஜூலியா மார்கரெட் கேமரன் அம்மையார்.

இவர் 1815ஆம் ஆண்டு கல்கத்தாவில் பிறந்தார். பின்னர் இங்கிலாந்தின் வைட் தீவில் குடியேறினார். 1863ஆம் ஆண்டு டிசம்பரில் மகளும் மருமகனும் அவருக்கு நிழற்படக் கருவி ஒன்றைப் பரிசளித்தனர். அப்போது அவருக்கு வயது 48. கோழிக்கூண்டைப் படப்பிடிப்புக் கூடமாகவும் நிலக்கரி அறையை இருட்டறையாகவும் மாற்றிக்கொண்டார். கண்ணாடித் தகட்டில் இரசாயனம் பூசி, அது ஈரமாக இருக்கும்போதே படம் எடுக்க வேண்டிய காலம் அது. எதிரே அமர்ந்தவரும் சில நிமிடங்கள் அசையாமல் இருக்க வேண்டும்.

1867ஆம் ஆண்டு, அறிவியலறிஞர் ஜான் ஹெர்ஷலைத் தலைமுடி கழுவி வரச் செய்து, கரிய துணி போர்த்திப் படம் எடுத்தார். இருளின் நடுவே அவரது வெண்முடியும் முகச் சுருக்கங்களும் ஒளிர்ந்தன. ஆனால், அம்மையாரின் படங்களில் தெளிவில்லை என்றும் கறைகள் உள்ளன என்றும் சிலர் குறை கூறினர். அவர் தம் வழியை மாற்றிக்கொள்ளவில்லை.

வெள்ளி உப்பைக் கொண்டு அச்சிட்ட படங்கள் நாளடைவில் மங்கக்கூடியவை. ஆகவே, அவர் சில படங்களை மங்காத கரிப்பூச்சு முறையில் மீண்டும் அச்சிடச் செய்தார். பிளாட்டினம் சேர்மத்தை ஒளி மாற்றுவதை ஹெர்ஷல் 1832ஆம் ஆண்டிலேயே கண்டிருந்தார். 1873ஆம் ஆண்டு வில்லியம் வில்லிஸ் பிளாட்டினம் அச்சு முறைக்குக் காப்புரிமை பெற்றார். நுட்பமான சாம்பல் படிநிலைகளும் மங்காத தன்மையும் அம்முறையின் சிறப்புகள். அம்மையார் தேடியவையும் இவையே.

1875ஆம் ஆண்டு அவர் கணவருடன் இலங்கைக்குச் சென்றார். அங்கு அவர்களுக்குக் காப்பித் தோட்டங்கள் இருந்தன. அங்கும் ஊர் மக்களையும் தோட்டத் தொழிலாளர்களையும் அவர் படம் எடுத்தார். 1879ஆம் ஆண்டு இலங்கையிலேயே மறைந்தார். அவர் அங்கு எடுத்தவற்றுள் முப்பதுக்கும் குறைவான படங்களே இன்று எஞ்சியுள்ளன. அவற்றில் உள்ள உழைப்பாளர் பலரின் பெயர்களை எவரும் எழுதி வைக்கவில்லை. எனினும், அவர்களின் முகங்களை நாம் இன்றும் காண்கிறோம்.